குந்தக் கிடைத்த இடங்கள்

சிக்காகோ எப்படி என்று கேட்பவர்களுக்கு
நான் கட்டடங்களைச் சொல்வதில்லை.
நூலக வாசலில் மூன்று வாங்கு,
ஒன்றில் மட்டும் வெயில்.
ஆற்றுக்கு இறங்கும் படியில்
கைபிடி இடப்பக்கம்தான்.
ஓவியக்கூடத்து இரண்டாம் மாடியில்
கப்பலே இல்லாத ஒரு கடலுக்கு முன்னால்
சாய்மானம் இல்லாத தோல் இருக்கை.
இருபது நிமிடம் அசையாமல் இருந்தோம்.
காவலாளி எங்களைக்
கலை தெரிந்த ஆட்கள் என்று எண்ணியிருப்பான்.
குலவீரசிங்கத்துக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

அறுபத்தைந்து தாண்டினால் கழிவு
என்றாள் டிக்கெட் கொடுத்த பெட்டை.
இவர் கேளாமலே கடவுச்சீட்டை நீட்டினார்,
இன்னொருதரமும் நீட்டினார்.
பிறந்த ஆண்டுக்கு யாரோ காசு குறைத்த முதல் நாள்.

படகில் ஒரு பெடியன், கையில் ஒலிவாங்கி,
எந்த மாடி எந்த ஆண்டு என்று
பாடமாக்கியதை ஒப்புவித்தபடி வந்தான்.
எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள்.
முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில்
இழுவைப்படகு ஓட்டிய மனிசன்
குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.
"ஆழம் எவ்வளவு?"
பெடியனின் பாடத்தில் அது இல்லை.
"எங்கட உள்துறைமுகத்தில
இந்த ஆறை ஒரு மூலைக்குள்ள வைக்கலாம்"
என்றார், என்னிடம் மட்டும், தமிழில்,
அரை படகுக்குக் கேட்கிற மாதிரி.

நூற்றுமூன்றாம் மாடி. கண்ணாடித் தரை.
இராவணன் வெட்டில் நின்று கல்லெறிந்து
கடல் தொடுமட்டும் எண்ணிப் பார்த்தவர்
வாசலோடு நின்றுவிட்டார்.
"நீ போ. நான் பையைப் பார்க்கிறன்."
போனேன்.
செருப்புக்குக் கீழே மஞ்சள் கார்கள்,
சுளகில் கொட்டிய சோளமணிகள்.
பயந்துதான் போனேன்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏரியை மூன்று நாள் கடலென்றே நம்பினேன்.
அலை அடித்தது. அக்கரை தெரியவில்லை.
நாலாம் நாள் காற்று முகத்தில் அறைய
உதட்டை நக்கிப் பார்த்தேன்.
உப்புப் போட மறந்த கஞ்சி.

போன வெள்ளி, கோணேசருக்குப் போகும் வழியில்,
கோட்டை வாசலுக்குள் ஒரு வான் நின்றது.
பதினொரு வெள்ளைக்காரர்,
எல்லாருக்கும் ஒரே நீலத் தொப்பி.
வழிகாட்டி கொடியோடு முன்னால் போய்விட்டான்.
கடைசியாய் இறங்கியவள்
மலையைப் பார்க்கவில்லை,
ஆலமரத்தடி மான்களைப் பார்க்கவில்லை,
சுவரோரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.

கடலை விற்கும் பத்மலோசினியிடம்
இரண்டு பிளாஸ்ரிக் கதிரை இருக்கிறது.
ஒன்றை இழுத்துப் போட்டேன்.
மற்றதில் நான்.
வந்த இங்கிலீசில் கேட்டேன்:
அமெரிக்காவா? ஓம்.
சிக்காகோ தெரியுமா?
"ஐயோ, போனதேயில்லை,
அங்கே நிறைய நடக்க வேணுமாம்."

பிறகென்ன.
நூலக வாசலில் தொடங்கினேன்.
வெயில் விழும் வாங்கு, இடப்பக்கக் கைபிடி,
கப்பலில்லாத கடல்.
பேனை எடுத்துப்
பயணத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.
"கழிப்பறை?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
ஓவியக்கூடத்தில், அதே மாடி, வலப்பக்கம், வரிசை இல்லை.
அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.
தாளின் மறுமுனையை ஒரு மான் கடித்திழுத்தது.
கைபிடி இருந்த வரி அதன் வாய்க்குள் போனது.
இன்னொருதரம் சொன்னேன்.

மேலே பூசை மணி.
வழிகாட்டி திரும்பி வந்து
தூரத்தில் நின்று கொடியை ஆட்டினான்.
அவள் இன்னொரு சரை கடலை வாங்கினாள்.
மானுக்கு என்றாள்.
மானுக்குக் கொடுக்கவில்லை.